முதல் சம்பளத்தைக் கேட்டு வாங்குவோம்

(நம் சங்கத்தின் தாராவிக் கிளை கூட்டிய இளைஞர் கூட்டத்தில், கல்லூரிப் படிப்பை முடித்த மாணவ மாணவியர் முன் நிகழ்த்திய உரை)



பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்குச் சம்பளத்தைப் பற்றிச் சொல்ல, பத்தாவதோடு படிப்பை நிறுத்திய ரயில்வே குமாஸ்தாதானா கிடைத்தார் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நாங்கள் உங்களைப் போல் படித்தவர்கள் அல்ல. ஆனால் சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள். எந்தப் படி எதற்காக வந்தது, எந்தப் பிடித்தம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தே காலம் கழித்தவர்கள். அந்தப் படிப்பு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரப்படுவதில்லை. ஆகவே இன்றைக்கு அதைப் பேசுவோம்.

நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கு வேலை கிடைத்தால் என்ன நடக்கிறது? சால் முழுக்க இனிப்புக் கொடுக்கிறோம். மாரியம்மன் கோவிலில் அர்ச்சனை செய்கிறோம். ஊருக்குப் போன் போட்டுச் சொல்கிறோம். எல்லாம் சரி. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 'சார், இந்தத் தொகை போதாது' என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம். கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது, தோழர்களே? நம் பாட்டன்மார் திருநெல்வேலியிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பம்பாய்க்கு வந்தார்கள். தோல் ஷெட்டில் நின்றார்கள், மில்லில் நின்றார்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள், தண்டவாளம் போட்டார்கள். கூலியைத் தீர்மானித்தவன் மேஸ்திரி. முன்பணம் வாங்கி வந்தவன் கூலி பேச முடியாது. 'வேலை கொடுத்தார்களே, அதுவே பெரிசு' என்று சொல்லிச் சொல்லியே இரண்டு தலைமுறை கழிந்தது. இன்று நீங்கள் கம்ப்யூட்டர் படித்திருக்கிறீர்கள், கணக்குப் பதிவியல் படித்திருக்கிறீர்கள், நர்ஸிங் படித்திருக்கிறீர்கள். ஆனால் கம்பெனி மானேஜர் முன் உட்காரும்போது குனிகிற தலை இருக்கிறதே, அது பாட்டனாரிடமிருந்து வந்த தலை.

ரயில்வேயில் கேட்பதில்லை; ஏன்?

'அண்ணே, நீங்கள் ரயில்வேயில் சேர்ந்தபோது சம்பளம் பேசினீர்களா?' என்று ஒரு தம்பி முன்பு கேட்டார். நல்ல கேள்வி. நாங்கள் யாரும் பேசவில்லை. பேச வேண்டிய தேவை இல்லை. ஏழாவது சம்பளக் கமிஷன்படி, 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கடைசிப் படி ஊழியருக்கு ஆரம்பச் சம்பளம் 18,000 ரூபாய். அதற்கு அடுத்த படிக்கு 19,900 ரூபாய். பஞ்சப்படி, வாடகைப்படி தனி. மந்திரியின் சொந்தக்காரர் வந்து சேர்ந்தாலும் அதே தொகைதான். கேங்மேனின் மகள் வந்து சேர்ந்தாலும் அதே தொகைதான். அட்டவணை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி அச்சடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த அட்டவணை வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. 1947இல் முதல் சம்பளக் கமிஷன் கடைநிலை ஊழியருக்குக் கொடுக்கச் சொன்னது பஞ்சப்படியோடு சேர்த்து மாதம் 55 ரூபாய். அதிலிருந்து ஒவ்வொரு படியும் ஏறியது தொழிலாளர் கூடிக் கேட்டதால். 1974 மே 8ஆம் தேதி தொடங்கிய ரயில்வே வேலை நிறுத்தம் மே 27 வரை நடந்தது. போனஸ் கொடு, எட்டு மணி நேர வேலை கொடு என்று கேட்டதற்காக ஆயிரக்கணக்கானோரைச் சிறையில் தள்ளினார்கள். வேலையை விட்டு நீக்கினார்கள். குவார்ட்டர்ஸிலிருந்து பெண்டு பிள்ளைகளை வெளியேற்றினார்கள். போராட்டம் தோற்றது என்று அன்று எழுதினார்கள். ஆனால் 1979இல் ரயில்வே ஊழியருக்குப் போனஸ் வந்தது. நாங்கள் பேரம் பேசாமல் சம்பளம் வாங்குகிறோம் என்றால், எங்களுக்கு முன்னே இருந்தவர்கள் எங்களுக்காகவும் சேர்த்துப் பேரம் பேசிவிட்டார்கள் என்று அர்த்தம். அதே ரயில்வேயில் பெட்டி கழுவும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த அட்டவணை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவரும் ரயிலுக்குத்தான் உழைக்கிறார்.

நீங்கள் போகப் போகிற தனியார் கம்பெனியிலும் ஓர் அட்டவணை இருக்கிறது. இந்த வேலைக்குக் குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அது மானேஜரின் மேஜை இழுப்பறைக்குள் இருக்கிறது. உங்களைப் பார்த்து, 'உங்கள் எதிர்பார்ப்பு என்ன?' என்று கேட்கிறாரே, எதற்காக? உங்கள் மேல் உள்ள அக்கறையாலா? அந்த அட்டவணையில் எவ்வளவு கீழே உங்களை உட்கார வைக்கலாம் என்று அளவெடுப்பதற்காக.

அடிக்கல்

'ஆரம்பத்தில் கொஞ்சம் குறைந்தால் என்ன, திறமையைக் காட்டினால் தானே ஏறும்' என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரே வேலைக்கு இரண்டு பேர் சேருகிறார்கள். ஒருவருக்கு மாதம் 20,000. இன்னொருவர் பேசி வாங்கியது 23,000. இருவருக்கும் ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து இன்கிரிமெண்டு ஆன பின்னால் வித்தியாசம் 3,000 ரூபாயாகவே நிற்குமா? நிற்காது. மாதத்துக்கு 7,780 ரூபாயாகிவிடும். அந்தப் பத்து ஆண்டில் முதலாமவர் இழந்த மொத்தத் தொகை ஐந்து லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். இருவரின் உழைப்பும் ஒன்று, திறமையும் ஒன்று. முதல் நாள் பத்து நிமிடம் வாய் திறந்தார் ஒருவர், திறக்கவில்லை இன்னொருவர்.

கம்பெனி மாறினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்களா? அடுத்த கம்பெனியில் முதல் கேள்வி, 'கடைசியாக வாங்கிய சம்பளம் எவ்வளவு? சம்பளச் சீட்டைக் கொண்டு வா' என்பதுதான். அதன் மேல் இருபதோ முப்பதோ சதவீதம் போட்டுத் தருகிறார்கள். ஆக, முதல் கம்பெனியில் விழுந்த பள்ளம் இரண்டாவது கம்பெனிக்கும் கூடவே வருகிறது.

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினைக்காமல் இருக்க முடியாது. 1938 பிப்ரவரியில், நம் சென்ட்ரல் ரயில்வே அன்றைக்கு ஜி.ஐ.பி. ரயில்வேயாக இருந்தபோது, மன்மாட்டில் தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அவர் பேசினார். தாழ்த்தப்பட்டவன் கேங்மேனாகச் சேர்ந்தால் கடைசி வரை கேங்மேன்தான். போர்ட்டராகக்கூட அவனை எடுப்பதில்லை, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்ய வேண்டியிருக்கிறது என்று புட்டுப் புட்டு வைத்தார். எந்தப் படியில் ஒருவனை நுழைய விடுகிறார்கள் என்பதில்தான் அவன் வாழ்நாளே அடங்கியிருக்கிறது என்பதை அவர் பேச்சிலிருந்து நாம் படித்துக்கொள்ள வேண்டும்.

முப்பதாயிரம் இருபத்திரண்டாயிரம் ஆவது எப்படி?

இப்போது காகிதத்துக்கு வருவோம். கம்பெனிக்காரர்கள் சம்பளம் என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. சி.டி.சி. என்கிறார்கள். உங்களை வைத்திருக்கக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு என்று அதற்கு அர்த்தம். அது உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல.

ஆண்டுக்கு 3,60,000 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லாரும் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 30,000 என்று சந்தோஷப்படுகிறார்கள். பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 15,000. வாடகைப்படி 6,000. சிறப்புப்படி 3,000. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு 1,800. கிராஜுட்டிக்கென்று 720. மருத்துவ இன்ஷூரன்ஸ் 480. செயல்திறன் தொகை என்று 3,000. கூட்டினால் 30,000 சரியாக வருகிறது.

இதில் மாதா மாதம் கைக்கு வரக்கூடியது முதல் மூன்று வரிகள் மட்டும், 24,000. அதிலும் உங்கள் பி.எஃப். பங்கு 1,800 போகும். மகாராஷ்டிரத்தில் தொழில் வரி மாதம் 200, பிப்ரவரியில் 300. மாதம் 25,000 வரை வாங்கும் பெண்களுக்கு 2023 ஏப்ரல் முதல் இந்த வரி இல்லை. மிச்சம் 22,000. இ.எஸ்.ஐ. உள்ள இடமானால் அதற்கும் 0.75 சதவீதம் பிடிப்பார்கள்; பதிலுக்கு ஆஸ்பத்திரி வசதி உண்டு.

பி.எஃப். உங்கள் பணம்தான், பின்னால் வரும். கிராஜுட்டியோ, நிரந்தர ஊழியர் ஐந்து ஆண்டு முடித்தால்தான் வரும். செயல்திறன் தொகை என்பது கம்பெனி மனம் வைத்தால் வரும், இல்லாவிட்டால் வராது. அதையும் சம்பளம் என்று உங்களிடம் காட்டுகிறார்கள்.

ஆகவே முதல் கேள்வி இதுவாக இருக்க வேண்டும்: 'பிடித்தமெல்லாம் போக மாதம் என் கைக்கு எவ்வளவு வரும்?' இரண்டாவது கேள்வி: 'அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?' அடிப்படை குறைந்தால் இன்றைக்குக் கையில் கொஞ்சம் கூட வரலாம், ஆனால் பி.எஃப்., கிராஜுட்டி எல்லாம் சுருங்கிவிடும். மூன்றாவது கேள்வி: 'செயல்திறன் தொகை போன ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முழுசாகக் கொடுக்கப்பட்டதா?' இதைக் கேட்டதும் எதிரே இருப்பவர் இவன் விவரமானவன் என்று நிமிர்ந்து உட்காருவார்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. வேலை நிறுத்த உரிமையை நெருக்குவதால் அவற்றை மத்தியத் தொழிற்சங்கங்கள் பலவும் எதிர்க்கின்றன, நாமும் எதிர்க்கிறோம். ஆனால் எதிராளியின் காகிதத்திலும் நமக்கு உதவும் வரி இருந்தால் அதை விட்டுவிடக் கூடாது. படிகளும் மற்றவையும் மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் போனால், மிஞ்சியது ஊதியமாகவே கணக்கிடப்படும் என்கிறது சட்டம். எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டு முடித்தாலே கிராஜுட்டி உண்டு என்கிறது. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்யுங்கள்.

எவ்வளவு கேட்பது?

வாய்க்கு வந்த தொகையைக் கேட்டுவிட முடியாது. தொகைக்கு அடிப்படை வேண்டும்.

நம் நாட்டுத் தொழிலாளர் இயக்கம் இதற்கு ஒரு வழி வகுத்து வைத்திருக்கிறது. 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று முடிவு செய்தது. ஒரு தொழிலாளியின் கூலியில் மூன்று பேரின் பசி ஆற வேண்டும். ஆளுக்கு 2,700 கலோரி உணவு வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி வேண்டும். வீட்டு வாடகை வேண்டும். எரிபொருள், விளக்கு, இதரச் செலவுக்கு இருபது சதவீதம் வேண்டும். பிள்ளைகள் படிப்பு, வைத்தியம், கல்யாணம் காட்சி, முதுமை இவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. முதலாளியிடம் எவ்வளவு இருக்கிறது என்பதிலிருந்து இந்தக் கணக்குத் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மனிதன் வாழ எவ்வளவு வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறது.

அதே போல் நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். கோலி வாடகையில் உங்கள் பங்கு. வீட்டுக்குக் கொடுக்க வேண்டியது. சீசன் டிக்கெட், ஷேர் ஆட்டோ. மத்தியானச் சாப்பாடு. படிப்புக் கடன் இருந்தால் அதன் தவணை. அம்மாவின் மருந்து. கூட்டினால் வருகிற தொகை உங்கள் தரைமட்டம். அதற்குக் கீழே இறங்கினால் நீங்கள் வேலைக்குப் போவதற்கு உங்கள் குடும்பம் பணம் கொடுக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது சந்தை நிலவரம். அந்தக் கம்பெனியில், அந்த வேலையில், போன ஆண்டு சேர்ந்தவர்களைக் கண்டுபிடியுங்கள். இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். சி.டி.சி.யைக் கேட்காதீர்கள், கைக்கு வருவதைக் கேளுங்கள். பெரிய மென்பொருள் கம்பெனிகள் பட்டதாரிக்குக் கொடுக்கும் ஆரம்பத் தொகை பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. வாடகை நின்றதா? கல்லூரிக் கட்டணம் நின்றதா? 2024இல் ஒரு பெரிய கம்பெனி, இன்ஜினீயரிங் அல்லாத பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 2,52,000 என்று அறிவித்தபோது நாடே சிரித்தது. சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். சம்பளத்தை ஏற்றச் சொல்லிக் கேட்கத் திரண்டவர்கள் குறைவு.

பேசும் முறை

தொகையை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். 'எதிர்பார்ப்பு என்ன?' என்று கேட்டால், 'இந்த வேலைக்குக் கம்பெனி ஒதுக்கியிருக்கும் அளவைச் சொன்னால் வசதியாக இருக்கும்' என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். விடாமல் வற்புறுத்தினால், விசாரித்து வைத்திருக்கிறீர்களே, அந்தத் தொகைக்குக் கொஞ்சம் மேலே சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் செய்கிற பெரிய தப்பு, தொகையைச் சொன்ன மறு நொடியே, 'ஆனால் குறைத்தாலும் பரவாயில்லை சார்' என்று தாமே இறங்கிவிடுவது. காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டும் நம் தாய்மாரைக் கேட்டால் இதை இன்னும் நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கைக்குக் கல்யாணம்' என்றால் அது யாசகம் ஆகிவிடும். உங்கள் நோட்டுப் புத்தகக் கணக்கு உங்களுக்காக. எதுவரை இறங்கலாம் என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்காக. கம்பெனிக்காரரிடம் பேச வேண்டியது வேலையைப் பற்றி. 'இந்த மென்பொருளில் ஆறு மாதம் வேலை செய்திருக்கிறேன். தமிழ், இந்தி, மராத்தி, இங்கிலீஷ் நான்கும் பேசுவேன்' என்று சொல்லுங்கள். நான்கு மொழி பேசுவது நமக்குச் சாதாரணம். ஐந்து வயதில் தெருவில் கற்றுக்கொண்டது. ஆனால் வாடிக்கையாளரோடு பேச ஆள் தேடும் கம்பெனிக்கு அது காசு. அதை ஏன் இலவசமாகக் கொடுக்கிறீர்கள்?

அங்கேயே 'சரி' என்று தலையாட்டாதீர்கள். 'எழுத்தில் கொடுங்கள், இரண்டு நாளில் பதில் சொல்கிறேன்' என்று கேளுங்கள். கேட்டதற்காக வேலையைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். எழுபது பேரைப் பார்த்து உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு, மரியாதையாக ஒரு கேள்வி கேட்டதற்காக மறுபடி எழுபது பேரைப் பார்க்க அவர்களுக்கும் சோம்பல் உண்டு. பெரும்பாலும் அதிகபட்சம் நடப்பது, 'முடியாது' என்ற ஒரு சொல். அந்தச் சொல்லால் யாரும் செத்துப் போனதில்லை.

ஆனால் பொய் சொல்லாதீர்கள். இல்லாத இன்னொரு கம்பெனியின் கடிதத்தைக் காட்டாதீர்கள். மாட்டிக்கொண்டால் போவது உங்கள் பெயர் மட்டுமல்ல, அடுத்து வருகிற நம் பிள்ளையின் வாய்ப்பும்தான்.

பேரம் நடக்காத இடம்

கல்லூரி வளாகத்துக்கே வந்து நூறு பேரை ஒரே மூச்சில் எடுக்கிறார்களே, அங்கே தனி ஆள் தொகையை மாற்ற முடியாது. உண்மையை உண்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அங்கேயும் கேட்கப் பல விஷயங்கள் உண்டு. எந்தத் தேதியில் வேலையில் சேர்ப்பார்கள்? 2022இல் கடிதம் கொடுத்துவிட்டு ஓராண்டு, இரண்டாண்டு என்று பிள்ளைகளைக் காக்க வைத்த கம்பெனிகள் உண்டு. பயிற்சிக் காலம் எவ்வளவு, அப்போது சம்பளமா ஸ்டைபண்டா? ராத்திரி ஷிஃப்ட் உண்டா, வண்டி அனுப்புவார்களா? விலக வேண்டுமானால் நோட்டீஸ் ஒரு மாதமா, மூன்று மாதமா?

பாண்டு என்று ஒன்று நீட்டுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுக்குள் விலகினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று. கோர்ட்டுக்குப் போனால் செல்லாது என்று யாரோ சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதத்தில் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குள் விலகியவர் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே தொகையைப் பாருங்கள், காலத்தைப் பாருங்கள், அதற்கு ஈடாக என்ன பயிற்சி தருகிறார்கள் என்று கேளுங்கள். மார்க் ஷீட்டின் அசலை யார் கேட்டாலும் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்காகப் பணம் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது வேலை அல்ல, வலை.

தங்கைகளுக்கு ஒரு சொல்

பெண்பிள்ளைகளிடம், 'எப்போது கல்யாணம்?' என்று கேட்கிறார்கள். பதிலை வைத்துத் தொகையைக் குறைக்கிறார்கள். ஒரே மாதிரி வேலைக்கு ஆண் பெண் என்று சம்பள வித்தியாசம் கூடாது என்று 1976லேயே சட்டம் வந்தது. இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. 'இந்த வேலைக்கு அது எப்படித் தேவைப்படுகிறது சார்?' என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். 'வீட்டுப் பக்கத்திலேயே வேலை, சம்பளம் குறைந்தால் என்ன' என்று சொல்கிற தாய் தகப்பன்மாரே, மகனுக்கும் அப்படியே சொல்வீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் வரும்: 'உங்கள் குடும்பப் பின்னணி என்ன?' பேராசிரியர்கள் ஜோத்கா, நியூமன் இருவரும் டெல்லியில் ஆள் எடுக்கும் மானேஜர்களைச் சந்தித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தகுதி ஒன்றுதான் பார்க்கிறோம் என்று சொன்ன அதே வாய்கள், குடும்பப் பின்னணியும் முக்கியம் என்று சொன்னதை எழுதினார்கள். அந்தச் சொல்லுக்குள் சாதி இருக்கிறது. தாராவி என்ற முகவரியும் பலருக்குச் சாதிப் பெயர் போலத்தான் கேட்கிறது. கூச்சப்படாதீர்கள். 'என் தகப்பனார் உழைப்பாளி. எங்கள் குடும்பத்தில் நான் முதல் பட்டதாரி' என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அந்தப் பட்டத்துக்காக நீங்கள் ஏறிய படிகள் மற்றவரை விட அதிகம். அதற்காக எவனும் தொகையைக் குறைக்க வேண்டியதில்லை.

நம் மேல் விழுந்த பழி

கடைசியாக, இந்தப் பேச்சு எதற்காக என்பதைச் சொல்லி முடிக்கிறோம்.

1966இல் இந்த ஊரில் சிவசேனை தொடங்கியபோது அதன் முதல் இலக்கு யார்? தென்னிந்திய குமாஸ்தாக்கள், டைப்பிஸ்டுகள். மாதுங்காவிலும் கோலிவாடாவிலும் நம்மவர் கடைகளும் வீடுகளும் அடி வாங்கின. அன்று நம் மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று, இவர்கள் குறைந்த சம்பளத்துக்கு வந்து நம் பையன்களின் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது. அந்த வெறியை நாம் ஒரு நாளும் மன்னிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். குறைந்த கூலியைத் தீர்மானித்தது தமிழனா, முதலாளியா? முதலாளிக்கு இதில் இரட்டை லாபம். தமிழனிடம், 'மராத்திக்காரன் வருவதற்குள் சேர்ந்துகொள்' என்று சொல்லிக் குறைத்தான். மராத்தித் தோழனிடம், 'தமிழன் இதைவிடக் குறைவாக வருகிறான்' என்று சொல்லிக் குறைத்தான். அடித்துக்கொண்டவர்கள் இருவரும். இன்று அதே வார்த்தையை பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வருகிற பிள்ளைகள் மேல் சொல்கிறார்கள். நம் ஆட்களில் சிலரே சொல்கிறார்கள் என்பது வெட்கக்கேடு.

ஆகவே, நீங்கள் குறைந்த தொகைக்குத் தலையாட்டும்போது நஷ்டம் உங்களோடு நிற்பதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிற மராத்திப் பெண்ணின் சம்பளமும் குறைகிறது. அடுத்த ஆண்டு வரப்போகிற நம் தெருப் பிள்ளையின் சம்பளமும் குறைகிறது. நீங்கள் கேட்டு வாங்கினால் அவர்களுக்கும் ஏறுகிறது. பேராசை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். தொழிலாளி தொழிலாளிக்குச் செய்யும் கடமை இது.

சம்பளம் ரகசியம், யாரிடமும் சொல்லாதே என்று கம்பெனி சொல்லும். யாருக்கு லாபம் அந்த ரகசியத்தால்? ரயில்வே அட்டவணை சுவரில் தொங்குவதால் எங்களை ஏமாற்ற முடியவில்லை. உங்கள் அட்டவணை இழுப்பறையில் இருப்பதால் உங்களை ஏமாற்ற முடிகிறது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் இழுப்பறை தானே திறந்துவிடும். தனியாகக் கேட்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வேலையில் சேர்ந்தபின் தொழிற்சங்கத்தில் சேருங்கள். ஐ.டி. கம்பெனியில் சங்கம் கிடையாது என்பது பழைய கதை. பெங்களூரிலும் புனேயிலும் சென்னையிலும் ஐ.டி. ஊழியர்களின் அமைப்புகள் இன்று இருக்கின்றன.

நம் சங்கம் இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்கிறது. ஞாயிறுதோறும் காலையில் நம் வாசகசாலையில் இருப்போம். ஆஃபர் லெட்டரைக் கொண்டு வாருங்கள். கையெழுத்துக்கு முன்னால் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து படிப்போம். இரண்டாவது, ஒரு பதிவேடு வைக்கப் போகிறோம். என்ன வேலை, எந்த ஆண்டு, கைக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள்; பெயர் வேண்டாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமான பதிவேடு அல்ல அது. உங்கள் மராத்தி நண்பரையும் உருதுப் பேசும் நண்பரையும் அழைத்து வாருங்கள்.

அடுத்த ஆண்டு இதே இடத்தில் உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு அந்தப் பதிவேட்டை நாம் கொடுக்க வேண்டும். முதல் பக்கத்தை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள்தான். இன்றைக்கே நான்கைந்து பேர் எழுதிவிட்டுப் போனால், இந்தக் கூட்டம் போட்டதற்குப் பலன் கிடைத்துவிடும்.